குறி தவறிய கைத்துப்பாக்கிகள்

காஞ்சிபுரத்திற்கு அண்மையில் உள்ள கூரம் என் பிறந்த ஊர். கூரத்தாழ்வான் தோன்றிய ஊர் என்று அதனை வைணவர்கள் அறிவார்கள். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேட்டால் பெயர்பெற்ற ஊர் என்று வரலாறு கற்போர் அறிவார்கள். சாளுக்கியரோடு அம்மன்னன் செய்த பெரும்போரை அச்செப்பேடு விரித்துரைக்கிறது. போர்க்களம் பற்றிய ஏடு பிறந்த அவ்வூரில், போருக்கும் படைக்கலத்துக்கும் தொடர்பே இல்லாத ஒரு வண்டித் தச்சருக்கு நான் மகனாகப் பிறந்தேன். ஆயினும் என் வாழ்நாளின் பெரும்பகுதி துப்பாக்கிகளின் நடுவிலேயே கழிந்தது. காவல்துறையின் ஆயுதக் கிடங்கு ஒன்றில் துப்பாக்கிகளைத் துடைத்தும், பழுது பார்த்தும், சோதித்தும் வந்த ஆர்மரர் நான்.

துப்பாக்கி என்றதும் இளைஞர்கள் வீரக்கதையை எதிர்பார்ப்பது இயல்பு. நான் சொல்லப்போவது வீரக்கதை அன்று, ஏமாற்றக் கதை. எனக்கு வாய்த்த கைத்துப்பாக்கிகளுள் சில, நல்ல தோற்றமும் பெரிய பெயரும் உடையனவாக இருந்தும், வைத்த குறியில் சுடவில்லை. அவை ஏன் அவ்வாறு தவறின என்பதையும், அதனை அறிந்துகொள்ள நான் பட்ட பாட்டையும், அதற்கு முன் நான் செய்த பெரும்பிழையையும் கூறுகிறேன்.

முதலில் ரிவால்வர் என்னும் சுழல் துப்பாக்கி எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். அதன் நடுவில் ஓர் உருளை இருக்கிறது. அந்த உருளையில் பெரும்பாலும் ஆறு துளைகள் உண்டு. அவற்றை அறைகள் என்போம். ஒவ்வோர் அறையிலும் ஒரு தோட்டா. விசையை இழுக்கும்போது ஒரு சிறு கரம் எழுந்து உருளையை ஆறில் ஒரு பங்கு சுழற்றுகிறது. அடுத்த தோட்டா குழலுக்கு நேரே வருகிறது. உடனே கீழிருந்து ஓர் இரும்புப் பல் எழுந்து, உருளையின் பக்கத்தில் வெட்டியுள்ள பள்ளத்தில் விழுந்து, உருளை அசையாதபடி பூட்டுகிறது. அதன் பின் குதிரை விழுந்து தோட்டாவின் அடியைத் தாக்குகிறது, குண்டு புறப்படுகிறது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். நீண்ட துப்பாக்கிகளில் தோட்டா குழலின் அடியிலேயே உட்கார்ந்திருக்கும். சுழல் துப்பாக்கியிலோ அறை வேறு, குழல் வேறு. குண்டு ஓர் இரும்பிலிருந்து புறப்பட்டு, இடையே உள்ள ஒரு சிறு வெளியைத் தாண்டி, மற்றோர் இரும்புக்குள் நுழைய வேண்டும். அந்த வெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் கால் பங்கு இருக்கலாம். அதனினும் குறைந்தால் கரி படிந்ததும் உருளை சுழலாமல் இறுகிவிடும். அதனினும் மிகுந்தால் வெடிமருந்தின் ஆவி பக்கவாட்டில் வெளியேறி, குண்டின் வேகம் குறையும். மேலும், ஆறு அறைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் குழலுக்கு மிகச் சரியாக நேர்நிற்க வேண்டும். ஓர் அறை மயிரிழை விலகி நின்றாலும் குண்டு குழலின் விளிம்பில் உரசிச் சிதைந்தே உள்ளே நுழையும். ஆகவே சுழல் துப்பாக்கி ஒன்று என்று நாம் சொல்வது, உண்மையில் ஒரே குழலைப் பகிர்ந்துகொள்ளும் ஆறு துப்பாக்கிகள் ஆகும்.

இந்தக் கருவியை உலகிற் பரப்பிய சாமுவேல் கோல்ட் என்னும் அமெரிக்கர், தம் பதினாறாம் வயதில், 1830-ஆம் ஆண்டு, கல்கத்தாவை நோக்கிச் சென்ற கப்பல் ஒன்றில் பணியாளாகப் பயணம் செய்தார். கப்பலில் ஒரு சக்கரம் சுழன்று சுழன்று பூட்டிக்கொள்வதைக் கண்டு, அதே முறையில் மரத்தால் ஒரு துப்பாக்கி மாதிரியைச் செதுக்கினார் என்று சொல்லுவர். மரத்தில் எளிதாக வந்தது இரும்பில் எளிதாக வரவில்லை. அவர் செய்வித்த முதற் கைத்துப்பாக்கி சுடும்போதே வெடித்துவிட்டது என்பர். 1836-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பாட்டர்சன் நகரில் தொழிற்சாலையும் அமைத்தார். படைத்துறையின் சோதனைகளில் அவருடைய துப்பாக்கிகளில் குறைகள் காணப்பட்டன. 1842-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. மீண்டும் தலைதூக்க அவருக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன. கருத்து நல்லதாய் இருந்தால் மட்டும் போதாது, கருத்துக்கேற்ற அளவுகளும் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1984-ஆம் ஆண்டு. நான் கிடங்கில் பொறுப்பேற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆண்டுதோறும் நடைபெறும் துப்பாக்கிச் சுடும் பயிற்சி வந்தது. அதிகாரிகளுக்குக் கொடுப்பதற்காக இருபது சுழல் துப்பாக்கிகளை எடுத்து வைத்தேன். எல்லாம் கடல் கடந்து வந்தவை, பழையவை. செய்தவர் பெயர் இங்கு வேண்டா. ஒவ்வொன்றையும் துடைத்தேன், எண்ணெய் இட்டேன், விசையை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். பதிவேட்டில் 'சோதிக்கப்பட்டது, நன்னிலையில் உள்ளது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

சுடுதளத்தில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் சுட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர். காவலராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். அவருடைய பதவி உயர்வு அப்போது பரிசீலனையில் இருந்தது. அவர் சுட்ட பன்னிரண்டு குண்டுகளில் நான்கு இலக்கட்டையையே தொடவில்லை. அருகில் நின்ற காவலர் ஒருவரின் மணிக்கட்டில் ஊசி குத்தியது போல் ஏதோ தெறித்தது. அதனை யாரும் பெரிதாகக் கருதவில்லை. "வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது" என்று பின்னால் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். தேர்ச்சி பெறவில்லை என்று எழுதப்பட்டது.

மாலையில் அவர் கிடங்கிற்கு வந்து துப்பாக்கியை ஒப்படைத்தார்.

"தம்பி, இதை நன்றாகப் பார்த்தாயா?" என்று கேட்டார்.

"பார்த்தேன் ஐயா. துப்பாக்கியில் குறை ஒன்றும் இல்லை" என்றேன்.

அவர் மறுமொழி கூறவில்லை. கையைத் தம் முகத்திற்கு நேரே நீட்டி, விரல்களைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

அடுத்த வாரம் விடுமுறையில் கூரத்திற்குச் சென்றேன். ஒருவர் தம் வண்டியை என் தந்தையாரிடம் கொண்டுவந்திருந்தார். வண்டி நேராகப் போகவில்லை என்றும், மாடு பழகாத மாடு என்றும், அடித்து அடித்துக் கை ஓய்ந்தது என்றும் அவர் குறைப்பட்டார். என் தந்தையார் மாட்டையும் பார்க்கவில்லை; வண்டியையும் பார்க்கவில்லை. வண்டி வந்த மணல் வழியில் சிறிது தூரம் நடந்து, குனிந்து தடத்தைப் பார்த்தார். என்னையும் அழைத்தார்.

"இங்கே பாரப்பா. மாடு அசைந்தால் தடம் கண்டபடி கோணும். சக்கரம் கெட்டிருந்தால் முறை வைத்துக் கோணும். இந்தத் தடம் ஒரே இடைவெளியில் வளைகிறது பார். குடம் தேய்ந்திருக்கிறது. குடம் தேய்ந்த வண்டிக்கு மாட்டை அடித்து என்ன பயன்?"

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. விடுமுறை முடியும் முன்பே திரும்பினேன். சுடுதளத்தில் ஒவ்வொரு குண்டுக்கும் கொடி காட்டி, விழுந்த இடத்தைக் குறித்துவைப்பது வழக்கம். அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். அந்தச் சப்-இன்ஸ்பெக்டர் தவறவிட்ட குண்டுகள் எவை? இரண்டாவது, ஐந்தாவது, எட்டாவது, பதினொன்றாவது. மூன்றுக்கு ஒன்று, முறை வைத்துத் தவறியிருந்தது. நடுங்கும் கைக்கு எண்ணத் தெரியாது. எண்ணத் தெரிந்தது உருளைக்குத்தான்.

இரண்டும் எட்டும் ஒரே அறையிலிருந்து புறப்பட்டவை. ஐந்தும் பதினொன்றும் மற்றோர் அறையிலிருந்து. அந்த ஊகம் சரியா என்பதை அறிய, மேலதிகாரியின் இசைவு பெற்று ஒரு சோதனை செய்தேன். அறைகளுக்குச் சுண்ணக்கட்டியால் ஒன்று முதல் ஆறு வரை எண்ணிட்டேன். மணல் மூட்டையின் மேல் கையை அசையாமல் ஊன்றி, 25 மீட்டர் தொலைவிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் ஐந்து குண்டுகள் வீதம் சுட்டேன். அதே சோதனையை, எங்கள் படையில் குறி தவறாதவர் என்று பெயரெடுத்த மற்றொருவரைக் கொண்டும் செய்வித்தேன். சுடுபவர் மாறினார், துப்பாக்கி மாறவில்லை. இருவர் கையிலும் நான்கு அறைகளின் குண்டுகள் ஓர் உள்ளங்கை அளவுக்குள் விழுந்தன. இரண்டாம் அறையும் ஐந்தாம் அறையும் இடப்புறம் தாழ்ந்து, எங்கெங்கோ சிதறின.

பிறகு குழலின் வாய்வழியே அளவுக்கோல் ஒன்றை நுழைத்தேன். நான்கு அறைகளில் அது தடையின்றி இறங்கியது. இரண்டில் விளிம்பில் முட்டி நின்றது. உருளையைப் பூட்டும் பள்ளங்களுள் அவ்விரண்டும் ஓரம் தேய்ந்திருந்தன. அதனால் உருளை முழுவதும் பூட்டிக்கொள்ளாமல் சற்றே விலகி நின்றது. குண்டு விளிம்பில் உரசியபோது சிதறிய ஈயத்துகளே அந்தக் காவலரின் மணிக்கட்டில் தெறித்தது. துப்பாக்கி தன் குறையைத் தானே சொல்லியிருந்தது, கேட்க ஆளில்லை.

இதிலிருந்து மாணவர்கள் ஒரு கணக்கையும் செய்து பார்க்கலாம். துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 12.5 சென்டிமீட்டர் தூரம் என்று கொள்வோம். இலக்கு 25 மீட்டர் தொலைவில் உள்ளது. அது குறிகளுக்கிடையேயுள்ள தூரத்தைப்போல் 200 மடங்கு. ஆகவே முன்குறி ஒரு மில்லிமீட்டர் வளைந்திருந்தால், குண்டு இலக்கில் 200 மில்லிமீட்டர், அதாவது 20 சென்டிமீட்டர் விலகும். நகத்தின் கனத்திற்கும் கைச்சாணின் அகலத்திற்கும் உள்ள வேறுபாடு அது. நல்ல கருவிக்கும் தீய கருவிக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு மிகச் சிறிது. பயனில் தெரியும் வேறுபாடு மிகப் பெரிது.

என் இரண்டாவது ஏமாற்றம் விசையைப் பற்றியது. பல சுழல் துப்பாக்கிகளை இரு வகையாகச் சுடலாம். குதிரையைக் கட்டைவிரலால் முன்னரே பின்னுக்கிழுத்து நிறுத்திவிட்டால், விசைக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ எடையின் அழுத்தம் போதும். அவ்வாறின்றி ஒரே இழுப்பில் சுட்டால், உருளையைச் சுழற்றுவதும் குதிரையைத் தூக்குவதும் அந்த விரலின் வேலையே ஆகின்றன. அப்போது ஐந்து கிலோவுக்கு மேலும் அழுத்தம் வேண்டியிருக்கும். துப்பாக்கியின் எடையோ ஒரு கிலோவுக்கும் குறைவு. ஒரு கிலோ எடையுள்ள பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன்மேல் ஐந்து கிலோ விசையைச் செலுத்துவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் கிடங்கில் இருந்த ஒரு துப்பாக்கியில் விசை கரடுமுரடாக, பாதி வழியில் நின்று நின்று நகர்ந்தது. அதனைப் பெற்றவர்கள் எல்லாரும் வலமிருந்து இடமாகத் தவறினார்கள். உள்ளே பார்த்தபோது, தேய்த்து மெருகிட வேண்டிய இரு பரப்புகள் அரத்தின் கீறல்களோடு அப்படியே விடப்பட்டிருந்தன. வெளிப்புறமோ கண்ணாடி போல் பளபளத்தது. வாங்குபவர் பார்க்கும் இடத்தில் செய்த வேலை, பார்க்காத இடத்தில் செய்யப்படவில்லை.

இக்குறை எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிரிட்டிஷ் படை 1932-இல் என்ஃபீல்டு நிறுவனத்தின் .38 சுழல் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. டாங்கிப் படையினரின் உடைகளிலும் உள்ளறைக் கருவிகளிலும் குதிரையின் நீட்சி சிக்கிக்கொள்கிறது என்பதற்காக, 1938-இல் வந்த வகையில் அந்த நீட்சியை நீக்கிவிட்டார்கள். சிக்கல் தீர்ந்தது, ஆனால் குதிரையை முன்னரே இழுத்து நிறுத்தி, நிதானமாகச் சுடும் வழியும் அதனோடு போயிற்று. தொலைவில் குறி வைக்க இயலவில்லை என்று வீரர்கள் பலர் குறை கூறினார்கள். ஒரு குறையை நீக்கும்போது மற்றொரு குறையை விதைத்துவிடலாம் என்பதனைப் பொறியியல் கற்கும் மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஏமாற்றத்தைத் துப்பாக்கி தரவில்லை, தோட்டா தந்தது. குழலின் உட்புறத்தில் திருகுபோல் வெட்டியுள்ள புரிகள் குண்டைப் பம்பரம்போல் சுழலச் செய்கின்றன. சுழலும் பம்பரம் சாயாது. சுழலும் குண்டும் தலைகீழாகப் புரளாது. அந்தப் புரிகளில் துரு ஏறினால் சுழற்சி கெடும். பழைய வகைத் தோட்டாக்களின் எரியூட்டியில் பொட்டாசியம் குளோரேட்டு என்னும் உப்பு கலந்திருந்தது. அது எரிந்தபின் எஞ்சும் உப்பு, நம் நாட்டுக் கடற்கரைக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, சில நாட்களிலேயே குழலை அரித்துவிடும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, வெந்நீரே கரைக்கும். எண்ணெய் பூசிவிட்டுக் கடமை முடிந்தது என்றிருந்தமையால் நான் கெடுத்த குழல்கள் இரண்டு. அந்தக் கணக்கும் என் தலைமேல்தான்.

தோட்டா பழையதானால் விசையும் குறையும். விநாடிக்கு 200 மீட்டர் செல்லும் குண்டு, 25 மீட்டரைக் கடக்க எட்டில் ஒரு விநாடி ஆகும். அதற்குள் அது ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் தாழும். வேகம் 150 மீட்டராகக் குறைந்தால் கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர் தாழும். குறி வைத்தவர் மாறவில்லை. குண்டு மட்டும் கீழே இறங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் இதனை எல்லாரும் அறிந்த ஒரு நிகழ்ச்சியோடு சேர்த்து நினைக்கலாம். 1967-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள், சென்னை இராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். அவரைச் சுட்ட எம்.ஆர். ராதாவும் குண்டுக் காயத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மிக அருகிலிருந்து சுடப்பட்டும் இருவரும் உயிர் பிழைத்தனர். தோட்டாக்கள் நெடுநாள் பழையவை, அவற்றின் விசை குன்றியிருந்தது என்று தடயவியல் அறிஞர் பி. சந்திரசேகரன் விளக்கினார். எங்கள் சுடுதளத்தில் குறையாக இருந்தது, அங்கே இரண்டு உயிர்களைக் காத்தது. நமக்கு வேண்டியபோது ஒழுங்காகவும், வேண்டாதபோது ஒழுங்கின்றியும் ஒரு கருவி நடந்துகொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. ஆதலால்தான் இத்தகைய கருவியை உரிமமின்றி எவரும் வைத்திருக்கலாகாது என்று 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் விதிக்கிறது.

"இத்தனை குறை உள்ளவற்றை அரசாங்க முத்திரையோடு எப்படி விற்றார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவ்வாறே ஏமாந்தேன். இங்கிலாந்தில் துப்பாக்கிகளைச் சோதிக்கும் இல்லங்கள் உள்ளன. இலண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637-இல் அரச உரிமை பெற்றது. பர்மிங்காமில் சோதனை இல்லம் 1813-இல் சட்டத்தால் அமைந்தது. அங்கே வழக்கத்தினும் மிகுந்த மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காத துப்பாக்கிக்கு முத்திரை இடுவார்கள். அந்த முத்திரை 'இது வெடிக்காது' என்று சொல்கிறதே அன்றி, 'இது நேராகச் சுடும்' என்று சொல்வதில்லை. முத்திரை பொய் சொல்லவில்லை. அது சொல்லாததையும் அது சொன்னதாக நானே எண்ணிக்கொண்டேன்.

இறுதியில் அந்தப் பதிவேட்டை எடுத்தேன். என் கையொப்பத்திற்குக் கீழே, 'முறையாகச் சோதிக்கவில்லை. துப்பாக்கி பழுதுடையது. சுட்டவரிடம் குறை இல்லை' என்று எழுதி, மேலதிகாரியிடம் வைத்தேன். எனக்கு எழுத்து மூலம் கண்டனம் கிடைத்தது. அது நியாயமே. அந்தச் சப்-இன்ஸ்பெக்டருக்கு வேறு துப்பாக்கி தந்து மீண்டும் சுட இசைவளித்தார்கள். பன்னிரண்டு குண்டுகளும் இலக்கில் விழுந்தன. துப்பாக்கியைத் திருப்பித் தர அன்று மாலை அவர் கிடங்கிற்கு வந்தார்.

"கை நடுங்குகிறது என்று நானே நம்பிவிட்டேன், தம்பி" என்றார்.

அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. ஒருவர் குறி தவறியது மட்டும் அன்று அங்கே நேர்ந்த தீங்கு அன்று. முப்பது ஆண்டுகள் உழைத்த ஒருவர் தம் கையையே ஐயுறும்படி நாங்கள் செய்துவிட்டோம். அவர் பின்னர் இன்ஸ்பெக்டராகவே ஓய்வு பெற்றார்.

எங்கள் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அவை, குடவோலை முறையை விளக்குகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்பவற்றோடு பொன் வாரியம் என்றும் ஒன்று அவ்வூரில் இருந்தது; அது பொன்னின் மாற்றைக் கவனித்ததாக அறிஞர்கள் கூறுவர். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்புக்கு வரலாகாது என்பதும் அவ்வூர் விதி. பொன்னைக் கண்ணால் பார்த்து நம்பாமல் உரைத்துப் பார்த்தவர்கள், பொறுப்பேற்றவரையும் கணக்குக் கேட்டார்கள். நான் இரண்டிலும் தவறினேன். பின்பு இரண்டையும் கற்றேன்.

அதன்பின் என் பணி முடியும் நாள்வரை, ஆறு அறைகளிலும் அளவுக்கோல் இறங்குவதைக் காணாமல் எந்தச் சுழல் துப்பாக்கிக்கும் நான் கையொப்பமிடவில்லை. நீங்கள் நாளை ஆய்வுக்கூடத்தில் ஒரு தராசையோ, மருத்துவமனையில் ஒரு வெப்பமானியையோ, தொழிற்சாலையில் ஓர் எந்திரத்தையோ கையாளலாம். விடை தவறினால், கையைக் குறை சொல்லுமுன் தடத்தைக் குனிந்து பாருங்கள். அது கண்டபடி கோணியிருக்கிறதா, முறை வைத்துக் கோணியிருக்கிறதா என்று பாருங்கள். கூரத்து வண்டித் தச்சர் ஒருவர் எனக்குக் கற்பித்த பாடம் அது.